நான்கு துறைமுகத்திலும் ஸ்நார்க்கெலிங் போக வேண்டுமா?

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் மயாமியிலிருந்து கிளம்பும் 7 இரவுக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். பெலீஸ், ரோவட்டான், கோசுமெல், கிராண்ட் கேமன் என்று கரீபியன் கடலில் நான்கு இடங்களில் கப்பல் நிற்கும். நான், கணவர், 15 வயது மகள், 9 வயது மகன், மதுரையிலிருந்து வந்திருக்கும் என் மாமனார் (66 வயது) என ஐந்து பேர். கணவரும் மகளும் நன்றாக நீந்துவார்கள். மகன் நீச்சல் குளத்தில் சமாளிப்பான். எனக்கு நீச்சல் தெரியாது. மாமனார் சின்ன வயதில் கிணற்றில் குதித்து நீந்தியவர், இப்போது பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஸ்நார்க்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, தண்ணீரின் மேல் குப்புற மிதந்தபடி மீன் பார்ப்பது) டூர் என்று பார்த்தால் பட்டியல் முடிவில்லாமல் போகிறது, எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறது. நான்கு இடத்திலும் போகலாமா? கப்பலிலேயே புக் செய்வதா, வெளியே குறைந்த விலைக்குக் கிடைப்பதை எடுப்பதா?
டாலஸிலிருந்து ஒரு வாசகி

பதில்:

வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். நான்கிலும் வேண்டாம், சிலவற்றில் போதும். ஐந்து பேரும் சேர்ந்து கடலில் இறங்க ரோவட்டானை வைத்துக்கொள்ளுங்கள். கோசுமெலில் கணவரும் மகளும் மட்டும் படகு டூர் போகட்டும். கேமனில் திருக்கைகள் வரும் மணல் திட்டுக்கு எல்லோரும் போகலாம், அங்கே நீச்சல் தேவையில்லை. பெலீஸில் கடலை விட்டுவிடுங்கள்.

டூர் பக்கத்தில் வரும் படங்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். நீலத் தண்ணீர், மஞ்சள் மீன், சிரிக்கும் ஒரு ஜோடி, இதைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். நான் ஒரு டூரைப் பார்க்கும்போது முதலில் தேடுவது தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தை. மூன்றரை மணி நேர டூர் என்று போட்டிருப்பார்கள். அதில் துறைமுகத்தில் கூடுவது, படகு வரை நடப்பது, லைஃப் ஜாக்கெட் மாட்டி விளக்கம் சொல்வது, பவளப்பாறை இருக்கும் இடத்துக்குப் போவது, திரும்பி வருவது எல்லாம் போக மீன் பார்க்கக் கிடைப்பது முக்கால் மணி நேரமாகக் கூட இருக்கும், சில டூரில் அதற்கும் குறைவு. அறுபது எழுபது பேரை ஏற்றும் பெரிய கேட்டமரான் படகுகளில் ஸ்நார்க்கெலிங் ஒரு நிறுத்தம்தான், மீதி நேரமெல்லாம் பாட்டும் ரம் பஞ்சும் கடற்கரையும். அது பிடித்தவர்களுக்கு நல்ல பொழுதுதான், ஆனால் மீன் பார்க்கப் போகிறவர்கள் விவரத்தில் 'இரண்டு இடம்' அல்லது 'மூன்று இடம்', ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதியிருக்காவிட்டால் கேளுங்கள். கேட்டும் சொல்லாத ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, தண்ணீரில் எப்படி இறங்குகிறோம் என்பது. உங்கள் வீட்டுக்கு இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. படகிலிருந்து இறங்கினால் கால் ஊன்ற இடம் கிடையாது, ஏணியை விட்டு இறங்கின நொடியிலிருந்து மிதக்க வேண்டும், பயமாக இருந்தால் திரும்ப ஏணிக்கு நீந்தி வர வேண்டும். கரையிலிருந்து இறங்கினால் இடுப்பளவில் நின்று மாஸ்க்கைச் சரிசெய்யலாம், முகத்தை நனைத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் நடந்து வெளியே வந்து துண்டை விரித்து உட்காரலாம். நீச்சல் தெரியாத ஒருவரும், பிரஷர் உள்ள ஒரு பெரியவரும், குளத்தில் மட்டும் பழகிய 9 வயதுப் பையனும் இருக்கும் குடும்பத்துக்கு, நினைத்தபோது வெளியே வர முடிகிற இடமே சரியான இடம். எத்தனை வண்ண மீன் இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதனால்தான் ரோவட்டான். ஹோண்டுராஸைச் சேர்ந்த இந்தத் தீவின் மேற்கு முனையில் வெஸ்ட் பே என்ற கடற்கரை இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து ஹோண்டுராஸ் வரை நீளும் மீசோஅமெரிக்கன் பவளத்திட்டு, உலகில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபுக்கு அடுத்தபடி பெரியது, வெஸ்ட் பேயில் கரைக்கு மிகப் பக்கத்திலேயே வருகிறது. கடற்கரையின் தெற்கு ஓரத்தில் கொஞ்சம் கை கால் அசைத்தாலே பாறைக்கு மேலே வந்துவிடலாம். கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் காதில் விழும், உங்கள் மகன் அதை ஊருக்குத் திரும்பிய பிறகும் சொல்லிக்கொண்டிருப்பான். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து டாக்ஸியிலோ டூர் வேனிலோ அரை மணி நேரம் போல ஆகும். அங்கே உள்ள ஓட்டல்களில் பகல் நேர பாஸ் எடுத்தால் நாற்காலி, குடை, குளியலறை, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். மாமனாருக்கு நிழலில் ஓர் இருக்கை உறுதியாக வேண்டும் என்பதால் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். ஒரே எச்சரிக்கை, வாட்டர் டாக்ஸி படகுகள் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், மிதவை கட்டி ஒதுக்கியிருக்கும் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். மணலில் கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சிகள் கணுக்காலைக் கடிக்கும், குழந்தைகளுக்கு பூச்சி விரட்டி தடவிவிடுங்கள், ஆனால் தண்ணீரில் இறங்கும் முன் கழுவிவிட வேண்டும்.

ரோவட்டானில் கணவர் ஒரு உள்ளூர் வழிகாட்டியைத் தனியாக அமர்த்திக்கொள்வது நல்லது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர், உங்கள் ஐந்து பேருக்கு மட்டும், கையில் வட்ட மிதவையோடு. நீங்கள் அந்த மிதவையைப் பிடித்துக்கொண்டால் போதும், அவர் இழுத்துக்கொண்டு போவார், நீங்கள் கீழே பார்க்கலாம். இருபது பேருக்கு ஒரு வழிகாட்டி என்று போகும் கூட்டத்தில் நீச்சல் தெரியாதவர் கடைசியில் தனியாக மாட்டிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். வழிகாட்டி படகில் நிற்கிறாரா, தண்ணீரில் கூட வருகிறாரா, எத்தனை பேருக்கு ஒருவர், இதை எந்த டூராக இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

மெக்சிகோவின் கோசுமெல் தீவு வேறு மாதிரியான கடல். பவளப்பாறைகள் தீவின் தென்மேற்குப் பக்கத்தில் இருக்கின்றன, பலங்கார், கொலம்பியா என்று பெயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1996 முதல் அது தேசியக் கடல் பூங்கா. அங்கே நீரோட்டம் பலமானது, பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே. படகு உங்களை ஓரிடத்தில் இறக்கிவிடும், நீரோட்டம் உங்களைப் பாறைக்கு மேலே கொண்டுபோகும், படகு பின்னாலேயே வந்து வேறோர் இடத்தில் ஏற்றிக்கொள்ளும். நீந்தத் தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சுகம் கிடையாது, கையைக் காலை ஆட்டக்கூட வேண்டாம். ஆனால் நின்று மாஸ்க்கைச் சரிசெய்யலாம் என்றால் முடியாது, கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் எதிர்நீச்சல் போட்டுத் திரும்பவும் முடியாது. அதனால் கணவரும் மகளும் மட்டும். பத்துப் பன்னிரண்டு பேர் போகும் சின்னப் படகாகப் பாருங்கள், பலங்கார், கொலம்பியா, எல் சியேலோ மூன்றையும் சேர்த்துப் போகும் டூர்கள் நிறைய உண்டு. எல் சியேலோ என்பது வெள்ளை மணல் பரந்த ஆழமில்லாத இடம், நட்சத்திர மீன்கள் கிடக்கும். படத்துக்காக அவற்றைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பவர்களைப் பார்த்தால் உங்கள் மகள் தடுக்கட்டும், வெளியே எடுத்தால் அது செத்துப்போகலாம்.

அந்த நேரம் நீங்களும் மாமனாரும் பையனும் சான் மிகேல் ஊருக்குள் நடக்கலாம், கடலோர நடைபாதை நன்றாக இருக்கும். எல்லோரும் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு பிடிவாதம் உண்டு, அதில் பாசம் இருக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் கடலில் அந்தப் பிடிவாதம் ஆபத்து. பயந்த ஒருவரைக் கவனித்துக்கொண்டே நீந்துகிறவர் தன்னையும் கவனிக்க முடியாது.

கிராண்ட் கேமனில் ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல்கள் கட்ட மேடையே கிடையாது. 2025 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பிலும் கப்பல் மேடை வேண்டாம் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் கப்பல் கடலில் நிற்கும், டெண்டர் என்ற சின்னப் படகில் கரைக்கு வர வேண்டும், அதற்கு வரிசை, டோக்கன், காத்திருப்பு. காலையில் கப்பலின் சொந்த டூர் எடுத்தவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். வெளியே புக் செய்தால் கப்பல் நிற்கும் நேரத்துக்கும் டூர் தொடங்கும் நேரத்துக்கும் இடையில் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

திருக்கைத் திட்டு இருப்பது தீவின் வடக்கே, நார்த் சவுண்ட் என்ற பெரிய உப்பங்கழியில். முன்பெல்லாம் மீனவர்கள் அந்த அமைதியான தண்ணீரில் நின்று மீனைச் சுத்தம் செய்து குடலையும் கழிவையும் போட, அதைத் தின்னத் திருக்கைகள் வந்து பழகிவிட்டன, இன்றும் வருகின்றன. மணலில் இடுப்பளவுத் தண்ணீர், மகனுக்கு மார்பளவு வரும், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளட்டும். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். வாலின் மேல் முள் இருக்கிறது, பெரும்பாலும் மிதித்தால்தான் குத்தும். தண்ணீரிலிருந்து திருக்கையைத் தூக்கக் கூடாது, அங்கே அது விதி. மாமனாருக்கு இது மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன், நின்றபடியே பார்க்கலாம். சில டூரில் பக்கத்திலேயே ஆழம் குறைந்த ஒரு பவளத் தோட்டத்திலும் நிறுத்துவார்கள், நீந்துகிறவர்கள் மட்டும் இறங்கட்டும்.

பெலீஸ் பற்றி நிறையப் பேர் ஆசையோடு கேட்கிறார்கள். 1987ல் அறிவிக்கப்பட்ட ஹோல் சான் கடல் காப்பகம், நர்ஸ் சுறாக்கள் வரும் ஷார்க் ரே ஆலி, இரண்டும் அருமையான இடங்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெலீஸ் சிட்டிக்கு முன்னால் கடல் ஆழமில்லாதது, பெரிய கப்பல் பல மைல் தள்ளி நிற்கும், டெண்டரில் கரைக்கு வரவே இருபது முப்பது நிமிடம், அங்கிருந்து வேகப் படகில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கடலில் குதித்துக் குதித்துப் போக வேண்டும், திரும்பவும் அதே. முதுகுவலி உள்ளவர்களும் பெரியவர்களும் அந்தப் படகில் படும் பாடு டூர் விவரத்தில் இருக்காது. பெலீஸுக்கென்று தனியாக ஒரு வாரம் போய்க் கீ காக்கர் தீவில் தங்கி ஹோல் சான் பார்ப்பது வேறு, கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் ஓடிப் போய் வருவது வேறு. நீங்கள் அல்டுன் ஹா போங்கள், மாயா நாகரிகத்தின் கோயில்கள், பஸ்ஸில் போய் வரலாம், மாமனார் மதுரைக்காரர் வேறு, கோயிலைச் சுற்றி வருவது அவருக்குப் பிடிக்கும். படிகள் செங்குத்து, எல்லோரும் ஏற வேண்டியதில்லை.

இப்போது மாமனார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தயவுசெய்து அவருக்கும் படித்துக் காட்டுங்கள். கிணற்று நீச்சல் தெரியும் என்பது நிஜமான திறமை, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கிணற்றில் தலை வெளியே இருக்கும், மூச்சு தடையில்லாமல் வரும், நாலு கை போட்டால் சுவரும் படியும். ஸ்நார்க்கெலிங்கில் முகம் குப்புறக் கிடந்து, ஒரு குழாய் வழியாக, நெஞ்சைத் தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்க மூச்சை இழுக்க வேண்டும். குழாய் குறுகலாக இருந்தால், அல்லது பதற்றத்தில் வேகமாகக் காலடித்தால், இழுக்கும் வேலை இன்னும் கூடும். சிலருக்கு, குறிப்பாக இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ள நடுவயதைக் கடந்தவர்களுக்கு, அப்போது நுரையீரலுக்குள் உடம்பின் நீரே கசிந்து மூச்சு முட்டலாம். ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் ஸ்நார்க்கெலிங்கின்போது இறப்பது அதிகமாக இருந்ததால் அங்கே மருத்துவர்கள் இதைத் தனியாக ஆராய்ந்தார்கள். கடல் நீரை விழுங்காமலே, கை கால் அடித்துப் போராடாமலே, அமைதியாக ஒருவர் சோர்ந்துபோவது நடக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அவர் மீன் பார்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும்.

அதனால் முதலில் அவருடைய டாக்டரிடம் போன் போட்டு, நடக்கலாமா என்று பொதுவாகக் கேட்காமல், ஸ்நார்க்கெலிங் செய்யலாமா என்று அதையே கேளுங்கள். மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, இதயம் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருக்கிறார்களா, அதையெல்லாம் மறைக்காமல் சொல்லட்டும். டூர் கம்பெனிகள் கையெழுத்து வாங்கும் உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடிப்பது நம் ஆட்களிடம் சாதாரணம், கேட்டால் 'எழுதினால் விடமாட்டார்கள்' என்பார்கள். விடாமல் இருப்பதற்காகத்தான் அந்தக் கேள்வியே இருக்கிறது. டாக்டர் சரி என்றால், வெஸ்ட் பேயில் கால் எட்டும் ஆழத்தில் மட்டும், ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, கால் மணி நேரம். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, கை கால் பலமில்லாமல் போனாலோ, உடனே நிற்க வேண்டும், அல்லது மல்லாந்து திரும்பி, குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கையை உயர்த்தி ஆட்ட வேண்டும். 'ஒண்ணுமில்லை, சரியாயிடும்' என்று காத்திருக்கவே கூடாது. முழு முகத்தையும் மூடும் மாஸ்க் வாங்கித் தரலாமா என்று யோசித்திருந்தால் வேண்டாம், அவசரத்தில் அதைக் கழற்றுவது கடினம், பல டூர்களில் அதை அனுமதிப்பதும் இல்லை. டாக்டர் வேண்டாம் என்றால் பேச்சே இல்லை, கேமனில் திருக்கையை நின்று பார்க்கட்டும்.

உங்களுக்கு. நீச்சல் தெரியாமல் ஸ்நார்க்கெலிங் செய்யலாமா என்றால் கால் எட்டும் தண்ணீரிலும், லைஃப் ஜாக்கெட்டோடும், உங்களுக்கென்று ஒரு வழிகாட்டியோடும் செய்யலாம், படகிலிருந்து ஆழத்தில் கூடாது. பயணத்துக்கு முன்னால் பக்கத்து நீச்சல் குளத்தில் பழகுங்கள், ஒரு நாள் இரண்டு நாள் என்றில்லாமல் பழக்கமாகும் வரை. முதலில் மார்பளவுத் தண்ணீரில் நின்று, மாஸ்க் மட்டும் போட்டு முகத்தை நனையுங்கள். மூக்கால் மூச்சு விடும் பழக்கம் நமக்குப் பிறந்ததிலிருந்து இருக்கிறது, அதை மறந்து வாயால் மட்டும் இழுத்து விடுவதற்குத்தான் நேரம் எடுக்கும். அது வந்த பிறகு குழாய். பிறகு வேண்டுமென்றே குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, 'ஃபூ' என்று பலமாக ஊதி வெளியேற்றப் பழகுங்கள், கடலில் ஓர் அலை குழாய்க்குள் வரும் அந்தக் கணத்தில்தான் எல்லோரும் பதறுகிறார்கள். கடைசியாக ஜாக்கெட்டோடு மிதந்து, படுத்த நிலையிலிருந்து நிமிர்ந்து நிற்பது. இது சும்மா நடப்பதாக நினைப்பார்கள், பழகாதவர்களுக்கு நடக்காது, முழங்காலை மார்புக்கு இழுத்தால்தான் கால் கீழே வரும். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். குளத்தில் நன்றாகச் செய்கிற பிள்ளை கடலின் உப்பிலும் அலையிலும் முதல் ஐந்து நிமிடம் தடுமாறும், அப்போது அவசரப்படுத்தாதீர்கள்.

மாஸ்க் சொந்தமாக வாங்கிவிடுங்கள், மற்றதெல்லாம் அங்கேயே கிடைக்கும். கடையில் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள், கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்குச் சரி. மீசை இருக்கிறவர்களுக்கு மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியும், உங்கள் கணவருக்கு மீசை இருந்தால் மேல் விளிம்பைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். யாராவது கண்ணாடி போடுகிறவர் என்றால் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது, கிட்டப்பார்வைக்கு ரெடிமேடாகவே வரும். தலைமுடியைத் தாழப் பின்னிக்கொள்ளுங்கள், நெற்றியில் ஒரு முடி விளிம்புக்குள் போனாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும். உடைக்கு முழுக்கை ரேஷ் கார்டும் (நீச்சல் சட்டை) நீச்சல் லெகிங்ஸும் போதும், பருத்திச் சுடிதார் நனைந்தால் கனத்து இழுக்கும். குப்புற மிதக்கும்போது வெயில் அடிப்பது முதுகிலும் முழங்காலுக்குப் பின்னாலும்தான், துணியால் மூடிவிட்டால் சன்ஸ்கிரீனே அதிகம் தேவைப்படாது. பவளத்துக்கு அதுதான் நல்லது. முகத்துக்கு மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ளதைத் தடவுங்கள்.

இனி உங்கள் பணக் கேள்வி. வெளியே எடுத்தால் விலை குறைவு, படகும் சிறியது, கவனிப்பும் நன்றாக இருக்கும், இது உண்மை. கப்பலின் டூர் எடுத்தால் அது தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், வெளியே எடுத்தது தாமதமானால் கப்பல் போய்விடும், அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும், இதுவும் உண்மை. நான் சொல்வது, கேமனுக்குக் கப்பலின் டூர், டெண்டர் தொல்லைக்காக. பெலீஸ் நிலத்து டூரும் அப்படியே. கோசுமெலுக்கும் ரோவட்டானுக்கும் வெளியே எடுங்கள், ஆனால் கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் விடுகிறார்களா என்று பாருங்கள். கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே வராமல் போனால் முழுப் பணமும் திரும்பத் தருவோம் என்று எழுத்தில் கொடுக்கிற ஆளிடம் மட்டும் புக் செய்யுங்கள். எதற்கும் பாஸ்போர்ட் எண் உள்ள பக்கத்தின் படம் ஃபோனில் இருக்கட்டும், மாமனாரின் விசா பக்கமும் சேர்த்து. இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்திருப்பவர் அமெரிக்காவுக்குத் திரும்ப நுழைகிறார் என்பதால் அவருடைய விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா, நான்கு நாட்டிலும் அவருக்கு வேறு ஏதாவது அனுமதி தேவையா என்று கப்பல் கம்பெனியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

நேரக் குழப்பம் ஒன்று இருக்கிறது, இதில்தான் ஆட்கள் கப்பலை விடுகிறார்கள். டிசம்பரில் மயாமிக்கும் கோசுமெலுக்கும் கேமனுக்கும் ஒரே மணி. பெலீஸும் ரோவட்டானும் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கரையில் உங்கள் ஃபோன் தானாக மாறி 3 மணி காட்டும்போது கப்பலில் 4 மணி ஆகியிருக்கும். ஃபோனை நம்பி இன்னும் ஒரு ஜூஸ் குடிக்கலாம் என்று உட்கார்ந்தால் அவ்வளவுதான். ஆளுக்கொரு கைக்கடிகாரம் கட்டி, கப்பல் நேரத்தில் வைத்துவிடுங்கள். டூர்காரரிடம் பேசும்போதும் 'கப்பல் நேரமா, உள்ளூர் நேரமா' என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக அங்கே கிழக்குக் காற்று, கோசுமெலின் மேற்குக் கரைக்குத் தீவே மறைப்பு, தண்ணீர் அமைதியாக இருக்கும். ஆனால் நீங்கள் போகும் டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து குளிர் காற்று இறங்கும் நாட்கள் வரும், வடக்கிலிருந்து அடிக்கும் அந்த வாடை மறைப்பில்லாமல் மேற்குக் கரையில் மோதும். அப்போது கோசுமெலில் துறைமுக அதிகாரி சின்னப் படகுகள் கிளம்பவே தடை போட்டுவிடுவார். கேமனில் ஜார்ஜ் டவுன் பக்கம் அலை எழும்பினால் கப்பல் தீவின் தெற்கே ஸ்பாட்ஸ் என்ற இடத்துக்குப் போகும், அல்லது நிற்காமலே போய்விடும். ரோவட்டானுக்கும் அது மழைக்காலம், வெஸ்ட் பேயும் அந்தக் காற்றுக்குத் திறந்திருக்கிறது. கரையில் நின்று பார்க்கும்போது அலை உடைந்து மணல் கலங்கியிருந்தால், பணம் கட்டியாயிற்றே என்று இறங்காதீர்கள், கலங்கின தண்ணீரில் பார்க்கவும் எதுவும் இருக்காது. முடிந்தவரை காலை டூரையே எடுங்கள், காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வலுக்கும்.

பவளத்தைப் பற்றி உங்கள் பிள்ளைகளிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். படத்தில் பார்த்த நிறங்கள் எல்லா இடத்திலும் இருக்காது. 2014ல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய ஒரு பவள நோய் 2018ல் கோசுமெலுக்கு வந்து மூளைப் பவளம் மாதிரியான வகைகளை நிறையக் கொன்றுவிட்டது. 2023 கோடையில் கடல் சூடேறிக் கரீபியன் முழுக்கப் பவளங்கள் வெளுத்தன. மிச்சமிருப்பது இன்னும் அழகானது, மீன்களும் ஆமைகளும் இருக்கின்றன, ஆனால் அது பிழைத்துக் கிடக்கிற ஒன்று. கால் துடுப்பால் ஒரு உதை பட்டாலும் பல வருடம் வளர்ந்தது உடையும். பாறைக்கு மேல் எழுந்து நிற்கவே கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், நெருப்புப் பவளம் பட்டால் தோல் எரியும், கடல் முள்ளெலி குத்தும், அவனுக்கும் நல்லதில்லை.

டிசம்பர் கடைசி வாரம் கூட்டம் அதிகம், ரோவட்டான் பகல் பாஸ்களும் கோசுமெல் சின்னப் படகுகளும் சீக்கிரம் தீரும், அதை இந்த வாரமே பாருங்கள். குமட்டல் மாத்திரையை மாமனாரின் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்பதையும் அதே போனில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், கேமன் படகுக்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டியிருக்கும். ஸ்நார்க்கெலிங் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு ரோவட்டானில் எந்தப் பக்கம் இறங்குவது என்று சொல்கிறேன்.